டிக்கெட் நம்பர் இல்லாத ஆள்

ராசா,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மத்தியானம் சாப்பிட்ட கறிக்குழம்பு மயக்கத்தில், அடுத்த அறையில் நீ விடும் குறட்டை இங்கே கேட்கிறது. நாளைக் காலையில் பெங்களூர் போகப் பஸ் ஏறுகிறாய். எழுப்பி உட்காரவைத்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால், "அம்மா ஆரம்பிச்சிருச்சுப்பா" என்று உன் அப்பாவைப் பார்த்துக் கண்ணடிப்பாய். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்க வேண்டும் என்று நழுவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எவன் மருந்தடிக்கிறான்? இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் எனக்கு நடக்கும் மரியாதை இது. அதனால் எழுதுகிறேன். உன் பெட்டியில் மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில் இதை வைத்துவிடுவேன். அங்கே போய்ச் சட்டை எடுக்கும்போது கிடைக்கும். நீ எப்போது அடிச்சட்டை வரைக்கும் போவாய் என்பது உன் துவைக்கும் லட்சணத்தைப் பொறுத்தது.

சாப்பிடும்போது நீ ஒரு கதை சொன்னாயே, அதுதான் என் கையில் பேனாவைக் கொடுத்தது. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். எந்த மருந்து தீரப்போகிறது என்று ஃபைலிடம் கேட்டுச் சொல்ல வேண்டியது அதன் வேலை. ஒரு நாள் அது எதுவுமே தீரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினால், கடையில் டைப் அடிக்கிறவர் ஏதோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாராம். "என் புரோகிராம் கரெக்டுப்பா. போட்ட ஆளுதான் லூசு" என்று சொல்லிச் சிரித்தாய். அப்பா சிரித்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அடுப்படிக்குள் போனதும்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்த லூசு நான்தான். உன் மருந்துக் கடையில் இல்லை. இங்கே, தேனியில், நான் இருபது வருஷமாக வேலை பார்க்கும் நூல் மில்லில்.

நான் டைம் ஆபீஸில் கிளார்க் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மில்லில் யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு டிக்கெட் நம்பர் உண்டு. பெரிய பெரிய ரெஜிஸ்டர்களில் அந்த நம்பருக்கு நேராகத் தினமும் புள்ளி வைப்போம். நான் சேர்ந்தபோது நீ இரண்டு வயசுப் பிள்ளை. அப்போது எங்கள் ஆபீஸுக்குப் பெரியவராக இருந்த டைம் கீப்பர் ஒரு கிறிஸ்தவர். சித்திரை ஒன்றாம் தேதி புது ரெஜிஸ்டர் திறக்கும்போது அவர் முதல் பக்கத்தின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை வரைவார். நான் என்னுடையதில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுவேன். சுழி போட்ட வரியில் வேறு எதையும் எழுத மாட்டோம். அந்த வரியைச் சாமிக்கென்று விட்டுவிட்டு, அடுத்த வரியில் இருந்துதான் ஆள் பெயர் தொடங்கும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. எங்கள் பக்கம் மளிகைக் கடைச் சிட்டையானாலும் சரி, கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்ட் எழுதினாலும் சரி, வெறும் உச்சியோடு தொடங்கினால் கை ஓடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அடேங்கப்பா, அதற்கு நடந்த உபசாரம்! தனி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதுரையில் இருந்து ஜெயசீலன் என்று ஒரு தம்பி வந்து அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், ஒல்லி, எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்வார். பழைய ஆட்களின் பெயரையெல்லாம் அவரே மதுரையில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சேரும் ஆட்களை ஏற்றுவதும், மாதாமாதம் யாருக்கு எத்தனை நாள் என்று போடுவதும் என் வேலை. நாற்பது வயசுக்கு மேல் ஒரு விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். உன் அப்பாவிடம் நான் ரொம்பத்தான் பீற்றிக்கொண்டேன். நீ ஹாஸ்டலில் இருந்ததால் தப்பித்தாய்.

அடுத்த சித்திரை ஒன்றாம் தேதி பதினோரு பெண்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். நல்ல நாளில் ஆள் சேர்ப்பது மில் வழக்கம். நான் குளித்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டும் வைத்து உட்கார்ந்தேன். புது வருஷத்தில் என் கையால் ஏறப்போகும் முதல் பெயர். சும்மா எப்படித் தொடங்குவது? அதில் தமிழ் எழுத்து கிடையாது. பார்த்தேன். இரண்டு என்ற எண் ஏறக்குறைய சுழி மாதிரிதானே இருக்கிறது? புதிதாக ஒரு வரி திறந்து, பெயர்க் கட்டத்தில் ஒரு இரண்டைத் தட்டினேன். டிக்கெட் நம்பர், செக்‌ஷன், நாள் எல்லாம் காலி. சாமி வரி அல்லவா? அடுத்த வரியில் இருந்து பதினோரு பேரையும் வரிசையாக ஏற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தி இருக்கிறதே, சொல்லி முடியாது. யாரும் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளில் எனக்கே மறந்துபோயிற்று.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்திதான் பாண்டியம்மா. நீ சித்தி முறை சொல்லிப் பழகிவிட்ட அதே பாண்டியம்மாதான். தீபாவளிக்கு உனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீ தின்னும் வரைக்கும் வாசலிலேயே நிற்பாளே, அவள். அப்போது எனக்கு அவள் வெறும் டிக்கெட் நம்பர். புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தேவாரத்தில் இருந்து வந்தவள். மில்லுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தாள். ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் மில் அவளை நிரந்தரமாக்க வேண்டும். நாள் குறைந்தால் 'பிரேக்'. பிரேக் என்றால் என்ன தெரியுமா? சில நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி கூப்பிட்டால் புது ஆளாகச் சேர வேண்டும். பார்த்த நாளெல்லாம் போச்சு, திரும்ப ஒன்றில் இருந்து எண்ண வேண்டியதுதான். கூப்பிடாமலே விட்டாலும் கேட்க நாதி கிடையாது. பிரேக் வந்தால் அவளுக்கு வாடகை கொடுத்து இருக்க வழியில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தித் தேவாரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

வருஷம் முடிந்தது. ஜெயசீலனுடைய புரோகிராமை ஓட்டினேன். இருநூற்று நாற்பது நாள் ஆனவர்கள் யார் யார் என்று அது ஃபைலிடம் கேட்டு லிஸ்ட் அடிக்கும். கிறீச் கிறீச் என்று பிரிண்டர் ஓடிற்று, லிஸ்ட் வந்தது, மானேஜர் மேசைக்குப் போயிற்று. சேர்ந்து வருஷம் முடிந்தும் லிஸ்டில் இல்லாதவர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பிரேக் காகிதம். புதன்கிழமை பாண்டியம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தலையெல்லாம் பஞ்சு.

"அக்கா, லிஸ்டுல எம்பேரு இல்லைங்கிறாக. எனக்கு எரநூத்தி எழுவத்தியொரு நாளுக்கா. ஒத்த நாளு நின்னதில்ல. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே போச்சு, நான் போகல."

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது பாண்டியம்மா" என்றேன். சொன்னது நான்தான், அதுவும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "போயி நல்லா யோசிச்சுப் பாரு. நடுவுல எத்தனை நாளு நின்னியோ, யாரு கண்டா?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. நான் பொட்டு வைத்து, ஒரு விரலால் தட்டிப் பழகிய என் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல இவள் யார்? என் மூளை அன்றைக்கு அப்படித்தான் வேலை செய்தது, ராசா. மறைத்து என்ன பயன்?

மறுநாள் மறுபடி வந்தாள். கையில், மாதாமாதம் கையால் எழுதிக் கொடுக்கும் சம்பளச் சீட்டு, பன்னிரண்டும். ஒவ்வொன்றிலும் அந்த மாதம் பார்த்த நாள் போட்டிருக்கும். கூட்டிப் பார்த்தால் அவள் சொன்ன கணக்குத்தான். அது போதாதென்று அவள் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் கேட்டது. "அக்கா, சித்திரை ஒன்னாந்தேதி சேந்த பதினோரு பேர்ல ஒருத்தி பேருகூட இல்ல. பங்குனிக் கடைசில சேந்தா பாருங்க ராசாத்தி, அவ பேரு இருக்கு. அவ எம்புட்டு லீவு போடுவான்னு செக்‌ஷனுக்கே தெரியும். அதெப்படிக்கா, பதினோரு பேரும் சொல்லி வச்சாப்புலயா லீவு போட்டிருப்போம்?"

மத்தப் பத்துப் பேரும் சீட்டை வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அடுப்புப் பற்றவைக்கவும் பிள்ளைகள் கப்பல் செய்யவும் போய்விட்டதாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு ரெஜிஸ்டரை நிறுத்திவிட்டோம். தினப்படித் தாள்கள் மூட்டை மூட்டையாகக் குடோனில் கிடந்தன, பிரித்துச் சரிபார்க்க மாதக்கணக்கு ஆகும். ஓடிப்போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டு ஜெயசீலனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு மானேஜரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தத் தம்பி எழுதுன புரோகிராம்ல ஏதோ கோளாறு சார்." நீ இன்றைக்குச் சொன்னதையேதான் நான் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஜெயசீலன் வந்துவிட்டார். நான் பதறிக்கொண்டு நின்றால், அவர் முதலில் டீ கேட்டார். குடித்துவிட்டு, "எரர் எதும் வந்துச்சா மேடம்?" என்றார். "இல்ல தம்பி. ஒழுங்காத்தான் அடிச்சுக் குடுத்துச்சு" என்றேன். "அதுதான் மேடம் பயமா இருக்கு. கத்துனாலாவது எங்கன வலிக்குதுன்னு தெரியும். சிரிச்ச மொகமா தப்பாச் சொன்னா நம்ம நம்பிருவோம்ல?" என்றார். உனக்கு எத்தனை பேர் எத்தனை புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. எனக்கு இந்த ஒரு பேச்சிலேயே பாதி விளங்கிவிட்டது.

அடுத்து அவர் செய்ததை நீ கவனமாகப் படி. புரோகிராமை அவர் தொடவே இல்லை. ஃபைலில் மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் எண்ணச் சொன்னார். பிறகு புரோகிராம் எத்தனை பேரைப் படிக்கிறது என்று எண்ணினார். ஐம்பத்திரண்டு பேர் குறைந்தார்கள். பதினோரு பேரைத்தான் காணோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, சித்திரைக்குப் பிறகு சேர்ந்த அத்தனை பேருமே காணாமல் போயிருந்தார்கள். மத்தவர்களுக்கு இன்னும் நாள் ஆகாததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்து, புரோகிராமுக்குள்ளே இருந்த அந்தக் கேள்வியை மட்டும் வெளியே எடுத்து, ஃபைலிடம் தன் கையாலேயே நேராகக் கேட்டார். 'இருநூற்று நாற்பது நாள் ஆனவர்கள் யார்?' சடசடவென்று திரையில் எல்லாரும் வந்து நின்றார்கள், பதினோரு பேரும். பாண்டியம்மா பெயருக்கு நேராக இருநூற்று எழுபத்தொன்று. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஃபைலு சரி, கேள்வியும் சரி. கேள்வி கேட்டுக்கிட்டே வர்ற ஆளு வழியில எங்கனயோ நின்னுட்டான் மேடம்" என்றார் ஜெயசீலன். நம் தோட்டத்து மோட்டார் ஞாபகம் இருக்கிறதா? நீ எட்டாவது படித்த வருஷம். தண்ணீர் வரவில்லை என்று உன் அப்பா மோட்டாரைக் கழற்றி இரண்டு தடவை செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டு வந்தார், காயில் கட்டினவனை வாய்க்கு வந்தபடி திட்டினார், கடைசியில் கிணற்றுக்குள் குழாயின் அடிவாயில் இருக்கும் ஃபுட் வால்வில் வாழைச் சருகு சிக்கியிருந்தது. மோட்டார் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறுகிறது என்று படிப்படியாகப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. அப்பாவிடம் இதை நான் எழுதினேன் என்று சொல்லாதே, சண்டைக்கு வருவார்.

அடுத்ததாக, ஒவ்வொரு ஆளையும் படிக்கும்போது டிக்கெட் நம்பரைத் திரையில் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்து ஓட்டினார். நம்பர்கள் மளமளவென்று ஓடி, பங்குனிக் கடைசியில் சேர்ந்த ராசாத்தி நம்பரோடு நின்றன. ராசாத்திக்கு அடுத்த வரியைத் திறந்தார். டிக்கெட் நம்பர் காலி. செக்‌ஷன் காலி. நாள் காலி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு இரண்டு.

"மேடம், இது யாரு?"

மூளையில் பளிச்சென்று அந்தச் சித்திரைக் காலை, பூ, பொட்டு எல்லாம் வந்துவிட்டது. டிக்கெட் நம்பர் காலியாக இருந்தால் ஃபைல் முடிந்தது என்று அர்த்தம், அங்கே நிறுத்திவிடு என்று எழுதி வைத்திருப்பதாக ஜெயசீலன் சொன்னார். டிக்கெட் நம்பர் இல்லாத ஆள் மில்லில் இருக்க மாட்டான் என்று அவர் நினைத்தது நியாயம்தானே? என் சாமி வரியைப் பார்த்ததும் புரோகிராம் அதோடு எல்லாம் முடிந்தது என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. அத்தனையும் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரிந்தும் நான் சொன்ன பதில், "தெரியலையே தம்பி."

அந்த நேரம் பார்த்து மானேஜர் உள்ளே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "டிக்கெட் நம்பர் இல்லாம ஒரு ஆளு ஃபைலுக்குள்ள எப்படி வந்தான்? போலிப் பேரை ஏத்திருக்காக. யாரு கை வச்சாகன்னு தெரியாம இந்த ஃபைல்ல இருக்குற எதையும் நான் நம்ப மாட்டேன். விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் பழைய லிஸ்ட்தான். மூணு மணிக்குப் பிரேக் காகிதத்தைக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். ஜெயசீலனை அவர் பார்த்த பார்வையில் அந்தப் பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினோரு பெண்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்காது. திரையில் தங்கள் பெயர் வந்ததை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். பாண்டியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது மணி இரண்டு.

தப்பை ஒத்துக்கொள்வது எனக்கு வராத வித்தை, ராசா. நீ ஒன்பதாவதில் பச்சை நிறப் பேனாவைத் தொலைத்துவிட்டாய் என்று உன்னை நான் அறைந்தேனே, அந்தப் பேனா என் ஆபீஸ் பையில்தான் கிடந்தது. கையெழுத்துப் போட நான்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மறுநாள் உன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "பாத்துத் தேடுனா கிடைக்கும்லடா" என்று உன்னையே திட்டினேன். நீயும் அசடு மாதிரி தலையை ஆட்டினாய். அந்தப் புத்திதான் அன்றைக்கும் என் வாயைக் கட்டிப்போட்டது. சொன்னால் என்ன ஆகும்? இருபது வருஷ சர்வீஸில் ஒரு கெட்ட பெயர் வரும். கம்ப்யூட்டருக்குச் சுழி போட்ட கிழவி என்று மில் முழுக்கச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால்? ஜெயசீலன் மேல் பழி போகும், பதினோரு பேர் வீட்டுக்குப் போவார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. நான் பெரிய உத்தமி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் இதைச் சேர்த்துக்கொள்: அரை மணி நேரம் நான் யோசித்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் இறங்காமல், யோசித்தேன்.

இரண்டரை மணிக்கு எழுந்து மானேஜர் அறைக்குப் போனேன். ஜெயசீலன் அங்கே குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். "சார், அது ஆளு இல்ல. பிள்ளையார் சுழி. நான்தான் போட்டேன்" என்றேன்.

"என்னம்மா சொல்றீக?"

"வருஷப் பொறப்பன்னைக்கு மொதப் பேரு ஏத்துறப்ப, ரெஜிஸ்டர்ல போடுற மாதிரியே போட்டேன் சார். உ இல்ல, அதான் ரெண்டு. தம்பி கேட்டப்பத் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். தம்பி மேல ஒரு தப்பும் கிடையாது. அந்தப் பொம்பளைக மேலயும் கிடையாது."

மானேஜர் என்னையே பார்த்தார். நான் நம்பவைக்கப் பழைய ரெஜிஸ்டரை எடுத்து வருகிறேன் என்றேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கி, மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த பிரேக் காகிதத்தின் உச்சிக்குப் போயிற்று. டைப் அடித்த எழுத்துக்கு மேலே, பேனாவால், தன் கையாலேயே அவர் போட்ட சுழி. எந்தக் காகிதமானாலும் அதைப் போடாமல் அந்த மனுஷன் கையெழுத்தே போட மாட்டார். ஒரு நிமிஷம் மூன்று பேரும் அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஜெயசீலனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவர் அடக்கப் பார்த்து, முடியாமல், கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மானேஜர் சிரித்தார் பார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு. எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பதினோரு பேரின் பிரேக் காகிதத்தையும் என் கண் முன்னாலேயே நீளவாக்கில் கிழித்துக் கூடையில் போட்டார்.

ஜெயசீலன் அப்போது சொன்னதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவையும் எழுதினேன். "என் தப்பும் இருக்கு சார். காலியா இருந்தா நில்லுன்னு எழுதிட்டேன். தாண்டிப் போன்னு எழுதிருக்கணும்" என்றார். உள்ளே வந்து அந்த ஒரு வரியை மாற்றினார். கடைசியில் எத்தனை பேரைப் படித்தேன், எத்தனை பேரைத் தாண்டினேன் என்று லிஸ்டுக்கு அடியிலேயே அச்சடிக்கும்படி இன்னொரு வரி சேர்த்தார். "அந்த ரெண்டை அழிச்சிரவா தம்பி?" என்று கூச்சத்தோடு கேட்டேன். "எதுக்கு மேடம்? கிடக்கட்டும். வர்ற சித்திரைக்கும் போடத்தான் போறீக" என்றார். போட்டேன். இந்த வருஷமும் போட்டேன். புரோகிராம் அதைத் தாண்டிக்கொண்டு அதுபாட்டுக்குப் போகிறது.

உன் மருந்துக் கடைக்காரர் அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டார் என்று நீ கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அவருக்கும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும், சும்மா யாரும் விடுவதில்லை. பெங்களூரில் உன் புரோகிராமைத் தொடப்போகிற கிளார்க்குகள் எல்லாரும் உன் அம்மா வயசுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். பூ வைத்துக்கொண்டு, பயந்து பயந்து, ஒரு விரலால் தட்டுவார்கள். எதையாவது செய்து வைப்பார்கள். எரர் வந்தால் பயப்படாதே, எரர் வராமல் தப்பு வந்தால்தான் பயப்படு. அது எங்கே நின்றது என்று தேடு, யார் மேல் போடலாம் என்று தேடாதே. சாப்பாட்டையும் வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் அதிகமாம், ஸ்வெட்டரை மேலாக வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து பாண்டியம்மா என்னோடு கேட் வரைக்கும் நடந்து வந்தாள். காலில் விழப்போகிறாளோ, நன்றி சொல்லி என்னைக் கூசவைக்கப்போகிறாளோ என்று நான் நெளிந்துகொண்டு வந்தேன். அவள் நன்றியே சொல்லவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, "அக்கா, ஒன்னு கேட்டா மறைக்காமச் சொல்லுவீகளா? புதன்கெழமை நான் வந்து சொன்னப்ப, எனக்கு எண்ணத் தெரியலைன்னு நெனைச்சீகளா, இல்ல நான் பொய் சொல்றேன்னு நெனைச்சீகளா?" என்று கேட்டாள்.

"எண்ணத் தெரியலைன்னுதான்டி நெனைச்சேன்" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்பச் சரிக்கா. எண்ணத் தெரியாதவன்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போங்க. பொய்க்காரின்னு மட்டும் நெனைச்சிருந்தீகன்னா, இந்த சென்மத்துல உங்ககூடப் பேசிருக்க மாட்டேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த கைதான். அவள் பெரிய மகள் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். வாரம் ஒரு நாளாவது நம் வீட்டில் பாண்டியம்மா கால் படாமல் இருந்ததில்லை. என் உடன்பிறந்தவர்களைவிட அவளிடம்தான் நான் அதிகம் பேசுகிறேன்.

பொய்க்காரி என்றுதான் ராசா நான் நினைத்தேன். புதன்கிழமை அவள் சொல்லி முடிக்கும் முன்னாலேயே நினைத்துவிட்டேன். நாளைக்கு உன்னை வழியனுப்ப அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். நீ ஏறிப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். நீ சட்டையைத் தேடி இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற நேரத்துக்குள் அவளிடம் நான் அதைச் சொல்லி முடித்திருப்பேன்.

அம்மா